இமைப்பொழுதில் பார்த்த தோணி

டொக், டொக் என்று ஒரு சத்தம். சங்கு வளையல் கப்பல் பலகையில் படும் சத்தம். எத்தனையோ ஆண்டுகளாகியும் அமைச்சர் அறவாழியின் காதைவிட்டு அது போகவில்லை. மணமாகிக் கடல்கடந்து போன மகள் பூவணி, ஏறுவதற்கு முன் கப்பலின் விலாவைத் தட்டிப் பார்த்துச் சிரித்தாள். "நல்ல மரம்தான் அப்பா, பயப்படாதீர்கள்." இப்போது கணவனை இழந்து அக்கரையில் தனியாக இருந்தாள். "என்னை அழைத்துக்கொள்ளுங்கள்" என்று வணிகர்களிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அந்தக் காலத்தில் கொடுங்கழி என்ற கடற்கரை நாட்டை வெற்றிவேழன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். அந்த வருஷம் பிடித்தது திரைப் பைத்தியம். ஊர் சுற்றி வந்த வித்தைக்காரன் ஒருவன் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனது. திரைக்குப் பின்னால் இரண்டு கோல்கள். ஒன்று கொஞ்சம் நீளம். திரை விலகும், உடனே மூடும். எது நீளம்? எவ்வளவு குறைந்த நேரம் பார்த்துச் சரியாகச் சொல்கிறாரோ, அவருக்கு அவ்வளவு புத்தி. சமையற்காரர், யானைப்பாகன், குருக்கள் என்று எல்லோரையும் நிறுத்திவைத்து அளந்தான். அரசி மட்டும், "இரண்டும் அடுப்புக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த விளையாட்டில் சபைப் பிரமுகர் பூபாலராயரை அடிக்க ஆளில்லை. பருந்துக் கண். அமைச்சர் பதவிமேல் அவருக்கு நெடுநாள் ஏக்கம். அறவாழியோ ஒவ்வொரு முறையும், "சரியாகத் தெரியவில்லை அரசே, இன்னொரு தரம் பார்க்கலாமா?" என்பார். சபை சிரிக்கும்.

துறையில் அக்கரைக்குப் போக வேண்டிய புதுக்கப்பல் ஒன்று முடிந்து நின்றது. அதைச் சோதிப்பது அமைச்சர் பொறுப்பு. கொடுங்கழியில் கப்பலைக் கடலில் தள்ளுமுன், மணலில் வைத்தே அதன் வயிறு நிறையத் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பார்கள். பலகை இடுக்கில் பஞ்சு சரியாக அடைபடாத இடத்தில் வெளியே நீர் கசியும். கப்பலை அழவிட்டுப் பார்ப்பது என்று தச்சர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

"அரசே, மேல்காற்று ஓய்வதற்குள் கப்பல் புறப்பட வேண்டும்" என்றார் ராயர். "அமைச்சர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் அடுத்த ஆடிதான். எனக்கு ஒரு பார்வை போதும்."

"அதுவும் சரிதான். நீரே பார்த்துவிடும்" என்றான் அரசன்.

ராயர் கப்பலை ஒரு சுற்று வந்தார். குறையில்லை என்பதற்கு அடையாளமாகக் கப்பலுக்கும் அதோடு போகிற சிறு தோணிக்கும் செந்தூரப் பொட்டு வைத்தார். போகிறபோக்கில், "பெற்ற மகளை அழைத்துவரப் போகிற கப்பல். அதையே நிறுத்திவைக்கப் பார்த்தாரே, என்ன மனுஷர்!" என்றார்.

அறவாழி கப்பலின் பக்கம் போனார். அந்தக் கப்பல் இன்றைக்கே போக வேண்டும் என்று அவரைவிட ஆசைப்பட்டவர் அந்த நாட்டில் யார்? அவர் பலகையைத் தட்டிப் பார்த்தார். நல்லதாகவும் கேட்டது, நல்லதில்லை போலவும் கேட்டது.

மறுநாள் சபையில் ராயரின் ஆசனத்துக்கு மேலே, உத்தரத்திலிருந்து ஏதோ ஒன்று திரைபோட்டுத் தொங்கியது.

"அரசே, இன்று நான் ஒரு திரை விளையாட்டு வைத்திருக்கிறேன்" என்றார் அறவாழி.

திரை விலகி மூடியது.

"நான் பொட்டு வைத்த தோணி!" என்றார் ராயர். "ஒரு குறையும் இல்லை."

"இப்போதுதான் அதில் தண்ணீர் நிரப்பினேன், ராயரே. அதே பதில்தானா?"

"என் பதில் மாறாது."

"அப்படியானால் உங்கள் இடத்திலேயே உட்காருங்கள்."

"உம்முடைய பதில் என்ன அமைச்சரே?" என்றான் அரசன்.

"இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

"எவ்வளவு நேரம்?"

"தோணி சொல்லும்வரை."

சபை கொல்லென்று சிரித்தது. புலவர் எழுந்து ராயரின் கண்ணைப் புகழ்ந்து பாட ஆரம்பித்தார். அறவாழி அண்ணாந்து திரையையே பார்த்தார். ஒழுகினால் அவர் சொன்னது நிற்கும். ஒழுகாவிட்டால் பதவி போகும். ஆனால் கப்பல் இன்றைக்கே போகும், மகள் வந்துவிடுவாள். ஒழுக வேண்டாம் என்றுதான் அந்த மனம் கெஞ்சியது.

ராயரின் தலைப்பாகையில் ஒரு சொட்டு விழுந்தது. "என்ன புழுக்கம்!" என்று துடைத்துக்கொண்டார். அடுத்த சொட்டு மூக்கு நுனியில் நின்றது.

"ராயரே, ஊரெல்லாம் வெயில். உமக்கு மட்டும் மழையா?" என்றான் அரசன்.

சொட்டு தாரையானது. சந்தனம் கரைந்து பட்டில் வழிந்தது. புலவர் பாட்டை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பாடிக்கொண்டேயிருந்தார். அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். திடீரென்று சிரிப்பு நின்றது.

"கப்பலுக்கும் இதே பொட்டுதானே வைத்தீர்?"

ராயர் தலை குனிந்தார்.

"அவர் கண்ணில் பிழையில்லை அரசே" என்றார் அறவாழி. "கோலின் நீளம் மேலேயே இருக்கிறது, பார்த்ததும் தெரியும். ஓட்டை, அதற்கு மனம் வரும்போதுதான் வெளியே வரும். நாம்தான் காத்திருக்க வேண்டும்."

அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டான். கப்பலுக்குத் தண்ணீர் சுமக்கும் வேலை ராயருக்கு. புத்தி அளந்த திரையைக் கிழித்துப் பலகை இடுக்கில் அடைக்கச் சொன்னான்.

கப்பல் அடிப்பக்கம் முழுக்க அழுதது. பலகைகளைப் பெயர்த்து அடைத்து முடிப்பதற்குள் மேல்காற்று ஓய்ந்துவிட்டது.

"உம் மகளுக்கு இன்னும் ஒரு வருஷமா, அமைச்சரே!" என்றான் அரசன், குரல் தாழ்ந்து.

"பொறுத்துக்கொள்கிறேன், அரசே."

அடுத்த ஆடியில் கப்பல் போயிற்று. தை மாதத்து வாடையில், உள்ளே ஒரு சொட்டு நீர் புகாமல் திரும்பி வந்தது. பூவணி இறங்கினாள். வளையல் இல்லாத கையால் பலகையைத் தட்டிவிட்டு, கூட்டத்தில் அப்பாவைத் தேடினாள். கரையில் அவளுக்காகக் காத்து நின்றவர் பூபாலராயர். அறவாழி, "மகள் வரும்வரை காத்திரும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, மார்கழியில் இறந்துபோயிருந்தார்.