ஏறி வந்த ஆறு

"குருவே, நான் வேற மலை மடத்துக்குப் போறேன். இங்கே எனக்கு ஒண்ணும் நடக்கலை."

தாவ்ஹெங் தோளில் மூட்டையோடு வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டிய துறவி. தெற்குச் சீனத்தில் அவர் ஏறி இறங்காத மடமே இல்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தவர்.

குரு மியாவ்ஷின் பெண் துறவி, வயதில் அவரைவிட இளையவர். அன்று காலையிலேயே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார். லியன் என்ற உழவர் வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து நீர்ப்பொறியை மிதித்துக்கொண்டிருந்தார்.

நம் ஏற்றம் போல அதில் தண்ணீர் மொள்ளும் சால் கிடையாது. கரையிலிருந்து ஆற்றுக்குள் சரியும் நீளமான மரத்தொட்டி. அதற்குள் சங்கிலியாகக் கோத்த பலகைகள். மேலே உள்ள உருளையை மூன்று பேர் கால் மாற்றி மாற்றி மிதித்தால், பலகைகள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். டிராகனின் முதுகெலும்பு என்று அதற்குப் பெயர். அரண்மனைத் தெருவில் தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்கத்தான் முதலில் செய்தார்கள் என்பார்கள். நல்லவேளை, உழவர் கைக்கும் வந்து சேர்ந்தது.

அன்று மிதிக்க இரண்டு பேர்தான் இருந்தார்கள். தண்ணீர் விளிம்பு வரை வரும், பிறகு வழிந்து ஆற்றுக்கே போய்விடும். அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடவு வயல் வெடித்துக் கிடந்தது.

"என் வீட்டுக்காரர் காய்ச்சல்ல கிடக்கார், சாமி" என்றாள் லியன். "இன்னிக்குத் தண்ணி ஏறலைன்னா பயிர் செத்துடும். இந்த வருஷச் சோறே அதுதான்."

குரு மிதித்தபடியே சற்று நகர்ந்து இடம் விட்டார்.

தாவ்ஹெங் மூட்டையை வயலில் வைத்துவிட்டு ஏறினார்.

ஏறியதும் தம் பாதங்களையே பார்த்தார். புதிதாக ஏறுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு அது. உருளை அவர் காலை முந்தி ஓடிவிட்டது. மிதிகட்டை முழங்காலில் அடித்தது. கைப்பிடிக் கழியில் தவளை மாதிரி தொங்கினார்.

லியனுக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"காலைப் பார்க்காதீங்க, சாமி. பாட்டைக் கேளுங்க."

அவள் பாடினாள். கால்கள் பாட்டுக்குப் பழகின. வெயில் ஏறியது.

"நடந்துக்கிட்டே இருக்கேன், குருவே. அதே ஆறு, அதே பாறை. ஒரு அடிகூட நகரலை."

"ஆமா" என்றார் குரு.

"இத்தனை வருஷமா மடத்திலயும் இப்படித்தான்."

"ஆமா."

தாவ்ஹெங்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்தில் இன்னும் ஓங்கி மிதித்தார். போகப்போகக் கோபமும் களைத்துப் போயிற்று. பாட்டு மட்டும் மிச்சமிருந்தது.

வெயில் தாழ்ந்தபோது பாட்டு சட்டென்று நின்றது. லியன் பின்னால் திரும்பி அழுதுகொண்டிருந்தாள்.

தாவ்ஹெங்கும் திரும்பிப் பார்த்தார்.

கீழே ஓடிய ஆறு மேலே வந்திருந்தது.

வயல் முழுக்க வானம் கிடந்தது. மண்ணோடு சாய்ந்திருந்த பயிர் அந்த வானத்தில் வேரூன்றி நிமிர்ந்து நின்றது. ஒரு மேகம் வரப்பிலிருந்து வரப்புக்கு மெல்லப் போனது.

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனையோ மலையுச்சிகளைப் பார்த்தவர், இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. இறங்கி மண்டியிட்டு, பயந்து பயந்து அந்தத் தண்ணீரைத் தொட்டார். அதே ஆற்றுத் தண்ணீர்தான்.

வெகுநேரம் அவர் எழுந்திருக்கவில்லை.

"மூட்டை நனையுது பாருங்க" என்றார் குரு. "போகணும்னு சொன்னீங்களே, இருட்டுறதுக்குள்ள கிளம்புங்க."

தாவ்ஹெங் மூட்டையை எடுத்து வரப்பில் வைத்தார். அடுத்த வயல் வெடித்துக் கிடப்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"இந்தத் தொட்டியை அங்கே தூக்கிட்டுப் போக நாம மூணு பேர் போதுமா, குருவே?"