உலகாயியின் இடதுகை முடிச்சு

பெரியவர்கள் கேட்கலாம், சிறியவர்கள் கேட்கலாம். பாம்பென்றால் நடுங்குகிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேட்கலாம்.

ராஜாக்கள் குதிரை ஏறி ஊர் ஊராகப் போய் நியாயம் சொன்ன காலம் அது. அப்போது ஆற்றங்கரையில் அறுகம்பட்டி என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் உலகாயி என்று ஒருத்தி பணியாரம் சுட்டு விற்றுப் பிழைத்தாள். புருஷன் இல்லை. ஒரே மகள், பெயர் செம்பி. உலகாயியின் நாக்கு பணியாரக் கல்லைவிடச் சூடு. அந்தச் செம்பி நடை பழகுகிற வயதில்தான் பக்கத்து வீட்டுக்கு மூன்று சனியன்கள் வந்து சேர்ந்தன. சனியன் என்று நான் சொல்லவில்லை, உலகாயி சொன்னது.

பக்கத்து வீட்டுக்காரர் சாத்தையன், கூடை முடைகிறவர். அந்த வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்தபோது அவருடைய மூங்கில் குவியலில் மூன்று பாம்புகள் ஒதுங்கின. ஒன்று நல்ல பாம்பு, ஒன்று கட்டுவிரியன், ஒன்று கண்ணாடிவிரியன். எது கடித்தாலும் ஆள் தப்புவது கஷ்டம். வேறு யாராக இருந்தாலும் தடியை எடுத்திருப்பார்கள். சாத்தையன் கூடையை எடுத்தார். வெள்ளம் வடிந்ததும் காட்டில் விட்டுவிடலாம் என்று நினைத்தார். வெள்ளம் வடிந்தது, விட மனசு வரவில்லை. ஊரில் ஒருவர் கிளி வளர்த்தார், ஒருவர் கிடா வளர்த்தார், இவர் பாம்பு வளர்த்தார். ஆசை வந்துவிட்ட பிறகு காரணம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஆனால் சாத்தையன் அதை ஒளிக்கவில்லை. முதல் நாளே உலகாயி வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, என் வீட்ல மூணு விஷப்பாம்பு இருக்கு. பச்சைப் புள்ளைய வச்சிருக்க. சொல்லாம இருந்தா நான் மனுசனே இல்ல."

உலகாயி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. சாத்தையன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் அவள் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து ஓர் உதவி கேட்டார்.

"தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு நடை வந்து, மூணும் உள்ளதான் இருக்கான்னு நீ எண்ணிப் பாக்கணும். பாத்துட்டு உன் கையாலயே கூடையக் கட்டணும். என் கண்ண எனக்கு நம்பிக்கை இல்ல தாயி. ஆசை வச்சவன் கண்ணு பொய் சொல்லும்."

இப்படி ஒரு பேச்சை உலகாயி பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. திட்டிக்கொண்டேதான் போனாள், ஆனாலும் போனாள். மகளுக்காகப் போனாள்.

அன்றிலிருந்து சாத்தையன் மூன்று பழக்கங்களை விடாமல் வைத்திருந்தார்.

கூடையைத் திறக்குமுன் வாசலில் சிவப்புத் துணி கட்டுவார். "திறக்கறேன்! திறக்கறேன்! திறக்கறேன்!" என்று மூன்று தடவை தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். அந்த நேரத்தில் அவர் வீட்டுப் பக்கம் யாரும் வரமாட்டார்கள்.

பாம்பை வெறுங்கையால் தொடமாட்டார். ஆள் உயரத்துக்கு ஒரு கொக்கிக் கம்பு வைத்திருந்தார். யாராவது வந்து, "தோள்ல போட்டுக் காட்டேன்யா" என்றால், "அது பாம்புய்யா, துண்டு இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்துவார்.

மூன்றாவது, அந்த அந்திக் கணக்கு. கூடையின் மூடியில் விரல் நுழையாத பின்னல். அதன் வழியாக உலகாயி பார்ப்பாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு. எழவெடுத்த மூணும் இருக்கு" என்பாள். அப்புறம் வாழைநாரால் ஒவ்வொரு கூடைக்கும் ஒரு முடிச்சு. உலகாயிக்கு இடதுகைப் பழக்கம். பணியாரப் பொட்டலத்துக்கும் அதே முடிச்சைத்தான் போடுவாள். தினமும் காலையில் அதை அவிழ்க்கத் தெரியாமல் பல்லால் கடித்து இழுத்த ஊர் அது. ஆகவே அந்த முடிச்சு எல்லாருக்கும் தெரியும்.

இப்படி ஏழு வருஷம் போனது. ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத இடத்தில் ஊருக்கு என்ன சுவாரசியம்? "சாத்தையன் பயந்தாங்கொள்ளி. கம்பால பாம்பு வளர்க்கிறான்" என்று சிரித்தார்கள்.

எட்டாவது வருஷம் திருவிழாவுக்குச் சூரப்பன் என்று ஒரு பாம்பாட்டி வந்தான். மீசை முறுக்கிய ஆள். நல்ல பாம்பு ஒன்றைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டான், படத்தில் முத்தம் கொடுத்தான், கூட்டத்துக்கு நடுவே வீசி எறிந்து ஜனங்கள் அலறுவதைப் பார்த்துக் கைகொட்டினான். ஊர் வாயைப் பிளந்தது. ஆளென்றால் இவனல்லவா ஆள்!

"எந்தப் புள்ளைக்குத் தைரியம் இருக்கு?" என்று சூரப்பன் கேட்டான். செம்பி முன்னால் ஓடினாள். உலகாயிக்குப் பெருமை தாங்கவில்லை. தலையாட்டினாள். சூரப்பன் பாம்பை எடுத்துச் செம்பியின் கழுத்தில் மாலையாகப் போட்டான்.

சாத்தையன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தார். "வேண்டாம் தங்கச்சி! எடுக்கச் சொல்லு!"

"பல்லப் புடுங்கி ரெண்டு மாசம் ஆச்சுய்யா. என்னத்துக்குப் பதறுற?" என்றான் சூரப்பன்.

"பாம்புக்குப் பல்லு திரும்ப முளைக்கும். ரெண்டு மாசம் தாராளம்."

"முளைக்குமாம்! பாம்பென்ன பால்பல்லு விழுந்த புள்ளையா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. உலகாயியும் சிரித்தாள். அதை மறைத்து என்ன பயன், அவளும்தான் சிரித்தாள். சூரப்பன் பாம்பை எடுத்துக் கூடைக்குள் போட்டு, மூடியை ஒப்புக்குக் கவிழ்த்துவிட்டு, சாராயம் குடிக்கப் போனான்.

அன்று அந்தியிலும் சாத்தையன் வந்து கூப்பிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. உலகாயி முணுமுணுத்துக்கொண்டே போய் எண்ணினாள், முடிச்சுப் போட்டாள், வந்துவிட்டாள்.

மறுநாள் காலை, திருவிழாவுக்கு வந்திருந்த ராஜாவின் வெள்ளைக் குதிரை லாயத்தில் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. காலில் இரண்டு பல் தடம். வைக்கோலுக்குள் ஒரு நல்ல பாம்பு நுழைந்ததைக் குதிரைக்காரன் கண்ணால் பார்த்திருந்தான்.

சொல்ல வேண்டுமா? ஊர் முழுக்கச் சாத்தையன் வீட்டுக்கு ஓடியது. மூன்று கூடைகளையும் கட்டோடு தூக்கிக்கொண்டு வந்து ராஜா முன்னால் வைத்தார்கள். கொளுத்தத் தீப்பந்தமும் தயார். சாத்தையனை ஊரைவிட்டே விரட்டத் தீர்மானமும் தயார்.

ராஜா அவசரப்படவில்லை. மூன்று பேரைக் கேட்டார்.

முதலில் சூரப்பன். "உன்னிடம் எத்தனை பாம்பு?"

"வீரன் எதையும் எண்ணிப் பாக்க மாட்டான் மகராசா!"

அடுத்து ஊர்ஜனம். "நீங்கள் என்ன கண்டீர்கள்?"

"எல்லாப் பாம்பும் ஒண்ணுதான் ராசா. வளர்க்கிற எல்லாவனும் ஒண்ணுதான். கொளுத்திரலாம்!"

கடைசியில் உலகாயி. ராஜா முடிச்சைத் தொட்டுக் காட்டினார். "இது உன் கை முடிச்சு என்கிறார்கள். நேற்று அந்தியில் போட்டதா, இன்று காலை குதிரை செத்த பிறகு போட்டதா?"

ஊரே அவள் வாயைப் பார்த்தது. இன்று காலையில் என்று சொன்னால் போதும். ஏழு வருஷமாக அவள் கேட்ட வரம் அந்த நிமிஷமே கிடைத்துவிடும். பக்கத்து வீட்டில் பாம்பு இருக்காது. நிம்மதியாகத் தூங்கலாம். சாத்தையன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. கூடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உலகாயி செம்பியைப் பார்த்தாள். நேற்று அந்தப் பாம்பு கிடந்த கழுத்தைப் பார்த்தாள். குதிரையைச் சாய்த்த பல்லுக்கும் தன் பிள்ளைக்கும் நடுவே ஒரு விரற்கடைகூட இருக்கவில்லையே! அதைப் போடச் சொல்லித் தலையாட்டியது அவளேதான். எடுக்கச் சொல்லி ஓடிவந்தவர் இந்த மனுஷர். மூன்று விஷப்பாம்புகளுக்குப் பக்கத்திலேயே இந்தப் பிள்ளை நடை பழகியது, ஓடியது, வளர்ந்தது. ஒரு கீறல் உண்டா?

"நேத்து விளக்கு வைக்கிறப்பப் போட்டது மகராசா" என்றாள் உலகாயி. "மூணும் உள்ள இருந்துச்சு. நான் எண்ணினேன். ஏழு வருசமா ஒரு நாள் விடாம எண்ணியிருக்கேன். முடிச்சு அவிழல. வேணும்னா இப்பவும் எண்ணிப் பாருங்க."

எண்ணினார்கள். மூன்றும் இருந்தன. அப்புறம் சூரப்பன் கூடையைத் திறந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை.

"பல்லப் புடுங்கிட்டேனே..." என்று சூரப்பன் முனகினான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

லாயத்தையே கொளுத்திவிடலாம் என்றார்கள். சாத்தையன் கைகூப்பி ஒரு நாழிகை கேட்டார். ஜனங்களை முப்பதடி தள்ளி நிற்கச் சொன்னார். லாயத்து வாசலில் சிவப்புத் துணி கட்டினார். மூன்று தடவை கத்தினார். பிறகு கம்போடும் ஒரு காலிக் கூடையோடும் உள்ளே போனார். வைக்கோலை ஒரு பிடி நகர்த்துவார், நிற்பார். இன்னொரு பிடி நகர்த்துவார், நிற்பார். முத்தமும் இல்லை, வீச்சும் இல்லை. பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு நாழிகை கழித்து வெளியே வந்து, "கூடையில இருக்கு. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. ஒருவர் கும்பிட்டார், பக்கத்தில் இருந்தவர் கும்பிட்டார், பிறகு கூட்டமே கும்பிட்டது. இனி பாம்பைத் தொடக்கூடாது என்று சூரப்பனுக்கும், பாம்பு வளர்க்கிற யாரும் சாத்தையன் மாதிரி அக்கம்பக்கத்தாரை வைத்து எண்ணிக் கட்ட வேண்டும் என்று நாட்டுக்கும் ராஜா கட்டளையிட்டார்.

அன்று அந்தியில் சாத்தையன் கூப்பிடவில்லை. கூப்பிடத் தயக்கம். உலகாயி தானாகவே போனாள், கையில் சூடான பணியாரத்தோடு.

"அண்ணே, ஏழு வருசமா ஒண்ணும் நடக்கல, ஆனாலும் உங்களத் திட்டினேன். ஒண்ணும் நடக்காததுக்கே உங்கள நான் கும்பிட்டிருக்கணும். எம்புள்ள உசுரோட இருக்கா. நல்லா இருங்க."

சாத்தையன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எண்ணினவ நீதான தாயி. நீ எண்ணலன்னா இன்னிக்கு நானும் இல்ல, இதுகளும் இல்ல."

உலகாயி குனிந்து பின்னல் வழியாகப் பார்த்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்றாள். "எழவெடுத்த நாலும் இருக்கு."

அப்புறம் இடதுகையால் நான்காவது முடிச்சை இறுக்கினாள்.

கேட்டவர்களே, கதை சொல்லுகிற நீதி இதுதான்: ஆபத்தான ஒன்றின்மேல் ஆசை வைத்தவர் அக்கம்பக்கத்து உயிருக்கெல்லாம் தானே பொறுப்பு என்று தினமும் நடக்க வேண்டும், அப்படி நடக்கிறவருக்கு ஊர் நன்றி சொல்ல மறக்கக்கூடாது.