சூடு ஆறிய வண்டி

பழைய மோட்டார் சைக்கிள் விற்கிற கதிரேசனிடம் பேரம் பேசி ஜெயித்தவர் திண்டுக்கல்லிலேயே கிடையாது என்று பேர். அவரிடம்தான் பூ வியாபாரம் பண்ணும் மரியபுஷ்பம் போய் நின்றாள். பஸ்ஸை நம்பினால் சந்தைக்குப் போவதற்குள் மல்லிகை வாடிவிடுகிறது.

“முப்பத்தஞ்சாயிரம். ஒத்த ரூபா குறையாது” என்றார் கதிரேசன்.

“இதே வருச வண்டி எங்க தெருவுல முப்பதுக்குப் போச்சேண்ணே?”

“அதெல்லாம் ஒரு வண்டியா? இது ஒரே உதையில கிளம்பும். அதுக்கு மேல உதைச்சா, உதைக்கு ஆயிரம் குறைச்சுக்கறேன்!” எதிர் டீக்கடைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

மரியபுஷ்பம் என்ஜினைத் தொட்டாள். “நிக்கிற வண்டி ஏண்ணே இப்படிக் கொதிக்குது?”

வருகிறேன் என்று அவள் போன் பண்ணியதுமே வண்டியை ஓடவிட்டுச் சூடேற்றி வைத்ததை அவர் சொல்வாரா? “வெயில்ல நின்னுச்சும்மா.”

“ஐயோ பாவம், நெழல்ல கொஞ்சம் ஆறட்டும்.” அவளே வேப்பமரத்தடிக்குத் தள்ளிப் போய் நிறுத்திவிட்டு, ஒரு டீ வாங்கி ஆற அமரக் குடித்தாள்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு கதிரேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்தார். கிளம்பவில்லை. டீக்கடைக் கூட்டத்துக்கு முன்னால் விட மனசில்லாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்.

“முப்பத்தி நாலு... முப்பத்தி மூணு...” என்று டீக்கடை தலைகீழாக ஏலம் போட்டது. முப்பதுக்கு வந்ததும் மரியபுஷ்பம் கைகாட்டி நிறுத்தினாள்.

“போதும்ணே, நியாயமான விலை வந்துருச்சு.”

பணத்தைக் கொடுத்தாள். சோக்கை இழுத்துவிட்டு ஒரே ஒரு உதை விட்டாள். வண்டி கிளம்பிவிட்டது.

கதிரேசன் வாயைப் பிளந்தார்.

“ஆறின வண்டிக்குச் சோக் போடணும்ணே. நீங்க எந்த வண்டியத்தான் ஆறவிட்டு வித்தீங்க, ஞாபகம் வர்றதுக்கு?”