கீரியக்காவின் வேர்க்கடலை

குட்டிகளே, பந்தாட்டத்தில் ஜெயிக்க வேர்க்கடலை தின்றால் போதுமா? போதும் என்று ஒரு நரி நம்பிவிட்டது. அந்தக் கூத்தைக் கேளுங்கள்.

குன்றிமணிக் காடு என்று ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தது. கையில் எடுத்த வேலையை முடிக்காமல் விடாத கீரி. அந்தக் காட்டு விலங்குகளுக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். தூக்கணாங்குருவி புல்லைப் பின்னி மெத்தென்று ஒரு பந்து செய்து தரும். ஒருவர் அதை வீச, இன்னொருவர் மட்டையால் அடித்துவிட்டு நாலு மரங்களைத் தொட்டபடி ஓடிவர வேண்டும். கடைசி மரத்துக்குப் பந்து வருவதற்குள் ஓடிவந்து தொட்டால் ஒரு சுற்று. பந்து முந்திக்கொண்டால் அவுட். முழுச் சுற்றும் ஓட முடியாதவர் நடுவில் ஒரு மரத்தடியில் நின்று, அடுத்தவர் அடிக்கும்போது மீதியை ஓடலாம்.

உயிர்தானே தவிர, ஒருவருக்கும் ஆடத் தெரியாது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லாம் வந்து நொறுக்கிவிட்டுப் போவார்கள். இதுகளுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தால் தேவலை என்று யானைத் தலைவர் அலுத்துக்கொண்டபோது, நான் பார்க்கிறேன் என்று கீரி முன்னால் வந்தது.

முதல் நாள் சேர்ந்தவர்களைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். அணில் ஒன்று, பந்து வந்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்ளும். முயல் ஒன்று, அவசரக் குடுக்கை, மட்டையில் பந்து படும் முன்பே பாதி தூரம் ஓடியிருக்கும். அப்புறம் ஓர் ஆமை. அதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். இவர்களோடு இரண்டு உடும்பு, ஒரு முள்ளம்பன்றி.

கீரி மட்டையை யார் கையிலும் கொடுக்கவில்லை. விடிவதற்கு முன்னால் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, மைதானத்து முள்ளைப் பொறுக்கச் சொன்னது. முதல் ஒரு மாதம் முள் மட்டும்தான். முயல் முணுமுணுத்தது. காலில் குத்தும் என்று பயந்துகொண்டே ஓடுகிறவன் பந்தை எங்கே பார்ப்பான் என்று கீரி கேட்டது. முயல் மறுபடி முள் பொறுக்கக் குனிந்தது.

அணிலுக்குப் பந்தே காட்டவில்லை. முதலில் இலவம் பஞ்சைத் தூக்கிப் போட்டது. பஞ்சுக்கு யார் கண்ணை மூடுவார்கள்? அப்புறம் பூவரசம் பூ. அதற்கப்புறம் நாவல் பழம். ஆறு மாதம் கழித்துத்தான் புல் பந்து. முயலுக்கு நேர்மாறான பாடம். கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், மட்டைச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் காலை எடுக்க வேண்டும்.

ஆமைதான் தயங்கித் தயங்கி வந்து கேட்டது.

"அக்கா, என்னை எதற்குச் சேர்த்தீர்கள்? நான் முதல் மரத்தைத் தொடுவதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடுமே."

"உன்னை யார் ஓடச் சொன்னது? கடைசி மரத்தடியில் அசையாமல் உட்கார். பந்து உன்னைத் தாண்டிப் போகக் கூடாது. உன்னைப்போல் அசையாமல் உட்கார இந்தக் காட்டில் வேறு யாருக்கு வரும்?"

ஆமைக்குக் கழுத்து ஒரு விரற்கடை நீண்டது.

சாயங்காலம் ஆனால் இன்னொரு வழக்கம். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அன்று தான் செய்த தப்பைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அடுத்தவர் தப்பைச் சொன்னால் மறுநாள் இரண்டு பங்கு முள் பொறுக்க வேண்டும். முயல்தான் பல நாள் இரண்டு பங்கு பொறுக்கியது.

முதல் வருஷம் எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள். இரண்டாம் வருஷம் பாதி ஆட்டங்களில் தோற்றார்கள். மூன்றாம் வருஷம் ஒன்றே ஒன்று. நாலாம் வருஷம் அவர்களை அசைக்க ஆளில்லை. அதன் பிறகு தூரத்துக் காடுகளில் இருந்தெல்லாம் குட்டிகள் சேர வந்தன. ஒரு மயில் வந்து, நான் அடிக்க மட்டும் வருவேன், முள்ளெல்லாம் பொறுக்கினால் தோகையில் மண் படும் என்றது. கீரி கோபப்படவில்லை. அப்படியானால் ஆட்டம் பார்க்க வா, முன்வரிசையில் நல்ல இடமாகப் போட்டுத் தருகிறேன் என்று அனுப்பிவைத்தது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. எருமைகள் புரளச் சேறில்லாமல் தவித்தன. சுற்றுக் காடுகளுக்கெல்லாம் தலைவரான யானை யோசித்து ஒரு முடிவு சொன்னார். குன்றிமணிக் காட்டிலும் மூங்கில் காட்டிலும் ஒவ்வொரு மைதானம் இருக்கிறது. பங்குனி மாதம் இரண்டு காடும் மோதட்டும். ஜெயித்த காட்டு மைதானம் இருக்கும். தோற்ற காட்டு மைதானத்தைத் தோண்டி எருமைகளுக்குக் குட்டையாக்கிவிடலாம்.

கீரி மைதானத்தை ஒரு சுற்று நடந்து பார்த்தது. நாலு வருஷம் முள் பொறுக்கிய மண் அது. மறுநாளும் கீரி விடிவதற்கு முன்னால் வரிசையில் நின்றது.

மூங்கில் காட்டு அணிக்கு வாத்தியார் நரி. ஊரில் இல்லாத தந்திரக்காரன் என்று தன்னைப் பற்றி அதற்கு ஒரு நினைப்பு. அதன் அணியில் ஒரு காட்டுப்பன்றி இருந்தது. அது அடித்தால் பந்து மேகத்தைத் தொடும். அப்படி இருந்தும் நரிக்குப் பயம் விடவில்லை. கீரியின் ரகசியம் என்ன என்று பார்த்துவர ஒரு காக்கையை அனுப்பியது. சோம்பேறிக் காக்கை.

காக்கை பத்து நாள் கழித்துத் திரும்பியது.

"காலையில் என்ன செய்கிறார்கள்?" என்றது நரி.

"முள் பொறுக்குகிறார்கள். அதை எவன் உட்கார்ந்து பார்ப்பான்? நான் தூங்கப் போய்விட்டேன்."

"சாயங்காலம்?"

"வட்டமாக உட்கார்ந்து ஏதோ புலம்புகிறார்கள். ஆனால் ஆட்டம் நடந்த அன்றைக்கு நன்றாகப் பார்த்தேன் அண்ணே. கீரி ஒன்றுமே செய்யவில்லை. கரையான் புற்றின் மேல் உட்கார்ந்து வேர்க்கடலையை உரித்து உரித்துத் தின்கிறது. அவர்கள் ஜெயித்துவிடுகிறார்கள்."

நரி தொடையைத் தட்டிக்கொண்டது. இத்தனை நாள் பயிற்சி பயிற்சி என்று உயிரை விட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டது. அன்றோடு மூங்கில் காட்டில் பயிற்சி நின்றது. அணி முழுவதும் காட்டோரக் கொல்லைகளில் வேர்க்கடலை பிடுங்கக் கிளம்பிவிட்டது. வாத்தியார் ஒருவர் தின்றாலே இத்தனை வெற்றி என்றால், அணியே தின்றால் எவ்வளவு வெற்றி என்பது நரியின் கணக்கு.

பங்குனி வந்தது. குன்றிமணிக் காட்டு மைதானத்தில் ஆட்டமும் வந்தது. நரி ஆளனுப்பிக் கரையான் புற்று ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து போட்டு, அதன் மேல் கம்பீரமாக உட்கார்ந்தது. கூடை கூடையாகக் கடலை. மூங்கில் காட்டு அணி வயிறு புடைக்கத் தின்றுவிட்டு மைதானத்தில் இறங்கியது. ஒரு பந்து தலைக்கு மேலே போகிறது, கீழே நின்ற காட்டுப்பூனை ஏப்பம் விடுகிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மயில் சிரித்த சிரிப்பில் அதன் தோகையெல்லாம் மண்.

ஆனாலும் காட்டுப்பன்றி சாமானியமா? தொந்தியோடு நின்றே நாலு முறை அடித்து நாலு சுற்று சேர்த்துவிட்டது. மூங்கில் காட்டுக்குக் கடைசிப் பந்து வந்தபோது குன்றிமணிக் காடு ஐந்து சுற்று, மூங்கில் காடு நாலு. முதல் மரத்தில் மான் ஒன்று ஓடத் தயாராக நின்றது. கையில் மட்டையோடு காட்டுப்பன்றி. இரண்டு பேரும் ஓடி வந்துவிட்டால் மைதானம் போச்சு.

பன்றி ஓங்கி அடித்தது. பந்து மேலே மேலே போய், அணில் நின்ற பக்கமாகத் திரும்பியது. மான் பறந்து வந்து ஒரு சுற்றைச் சேர்த்துவிட்டது. இப்போது சமம். பின்னாலேயே பன்றி மூச்சு வாங்க ஓடிவந்தது.

கீரிக்குக் கண்ணைத் திற என்று கத்த வேண்டும்போல் இருந்தது. தொண்டை வரை வந்துவிட்டது. சட்டென்று ஒரு கடலையைத் தோலோடு வாயில் போட்டுக் கடித்துக்கொண்டது.

அணில் கண்ணை மூடவில்லை. வெயிலில் கண்ணீர் வழிய வழிய நேராகப் பார்த்தது. பந்து காற்றில் ஆடி அதன் கைக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் விழுந்து எழும்பியது. அணில் பாய்ந்து பிடித்துக் கடைசி மரத்தைப் பார்த்து வீசியது. வீச்சு கொஞ்சம் கோணல். ஆமை அசையவில்லை. பந்து அதன் ஓட்டில் மோதி மரத்தடியிலேயே நின்றது. ஆமை அதன் மேல் காலை வைத்த பிறகுதான் பன்றி வந்து சேர்ந்தது.

குன்றிமணிக் காட்டுக்கும் ஒரு பந்து பாக்கி இருந்தது. அதை அடிக்க வந்தது உடும்பு. மூன்றாம் மரத்தில் நின்ற முயல், டப் என்ற சத்தம் கேட்கும் வரை காதை மட்டும் ஆட்டியது. கேட்டதும் கிளம்பியது. மூங்கில் காட்டுக்காரர்கள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு பந்திடம் போவதற்குள் அது கடைசி மரத்தைத் தொட்டுவிட்டு மூச்சும் வாங்கிக்கொண்டது.

மைதானம் பிழைத்தது. கீரி தன் புற்றை விட்டு இறங்கவே கொஞ்ச நேரம் ஆனது.

நரி கூடையைப் போட்டுவிட்டு மெதுவாகப் பக்கத்தில் வந்தது. "நீங்கள் தின்ற அதே கடலையைத்தானே அக்கா நாங்களும் தின்றோம்?"

"எனக்கு ஆட்டத்தின்போது கத்துகிற கெட்ட பழக்கம் உண்டு தம்பி. கத்தினால் அணில் மிரளும். அதனால் வாயை அடைக்க ஏதாவது போட்டுக்கொள்வேன்."

நரி தன் கடலைக் கூடையைத் திரும்பிப் பார்த்தது. நாளைக்கு அதன் மைதானத்தில் எருமைகள் புரளும். காட்டுப்பன்றியும் காட்டுப்பூனையும் தலை குனிந்து ஓரமாக நின்றன. கீரி அவற்றைப் பார்த்தது. இந்த மைதானத்திலேயே உங்கள் பிள்ளைகளும் ஆடட்டும், நாளை விடிவதற்கு முன்னால் வரிசையில் நிற்கச் சொல் என்று நரியிடம் சொன்னது.

அதைக் கேட்டதும் ஜெயித்த அணியின் ஆட்டம் பாட்டமெல்லாம் சட்டென்று நின்றுபோனது. எல்லோருமாகச் சேர்ந்து ஆமையை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"அக்கா," என்றது ஆமை, "நாளைக்கு ஒரே ஒரு நாள் மட்டும் லீவு விடுங்களேன்."

நீதி: ஜெயிப்பவர் ஜெயிக்கிற நாளில் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதாது, யாரும் பார்க்காத நாட்களில் அவர் செய்ததைச் செய்ய வேண்டும்.