போஸ்டர் டீச்சர்

ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு கோவில்பட்டி இசக்கியம்மாள் தாய்லாந்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். ஸ்டுடியோக்காரர், ஏதோ மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற படம் என்று நினைத்து, அவள் முகத்தை வெள்ளை வெளேரென்று ஆக்கிக் கொடுத்திருந்தார். அவளும் தெரிந்தேதான் அதை அனுப்பினாள்.

உடனே கூப்பிட்டார்கள். போய் இறங்கினாள். டியூஷன் சென்டர் முதலாளி விச்சியன், பிள்ளைகளைக் கொண்டுவிட வந்த பெற்றோர் முன்னாலேயே அந்தப் படத்தை அவள் கன்னத்தோடு வைத்துப் பார்த்தார்.

“நான் கூப்பிட்டது இந்தப் பொண்ணை. இவளைக் கூட்டிட்டு வா, வேலை தர்றேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். இசக்கிக்கு உடம்பே கூசியது. வேலை இல்லையென்றால் விசாவும் இல்லை, ஊர் திரும்ப வேண்டியதுதான். குனிந்த தலையை நிமிர்த்தியபோது சுவரில் ஒரு போஸ்டர் தெரிந்தது. அதில் பொன்னிற முடிக்காரி ஒருத்தி சிரித்தாள். கீழே ‘எங்கள் ஆசிரியை’ என்று போட்டிருந்தது.

“கூட்டிட்டு வர்றேன் சார்” என்று போஸ்டரைக் காட்டினாள். “இவளுக்கும் அந்த டீச்சருக்கும் ஒரே ஊருதான். வழிகாட்ட உங்க டீச்சரைக் கொஞ்சம் அனுப்புங்க.”

சிரிப்பு நின்றது. ஒரு அம்மா எழுந்தாள். “என் மகன் ரெண்டு வருஷமா இங்க படிக்கிறான். அந்த டீச்சரை நான் ஒரு நாளும் பார்க்கலையே. எங்க அவங்க?”

விச்சியன் போஸ்டரைப் பார்த்தார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார். “நாளைக்கு வகுப்புக்கு வந்துடு” என்றார் இசக்கியிடம், மெதுவாக.

“நீதானே வருவே?” என்று கேட்டாள் அந்த அம்மா.

இசக்கியால் அப்போதும் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. முதலாளியிடமிருந்து படத்தை வாங்கிப் பைக்குள் கவிழ்த்து வைத்தாள்.

“இந்த மூஞ்சிதாங்க வரும்.”