தேவராசுவின் வண்டிக்குத் தண்ணி ஊற்றியவள்

நஞ்சப்பன் மடத்துக்கு வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. சத்தியமங்கலம் பக்கத்தில் ஒரு பெரிய கார் ஷோரூமில் சர்வீஸ் மேனேஜர். ஐம்பது வயது தாண்டியவர். குருவுக்கு அவரைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். ஆனாலும் வந்ததும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"எனக்கொரு பரிகாரம் சொல்லோணுமுங்க சாமி."

"எதுக்குங்க?"

தேவராசு என்றொரு டாக்சிக்காரன். புது வண்டி எடுத்த அன்றைக்கு அவனுக்கு மாலை என்ன, ஆளுயர அட்டைச் சாவி என்ன, போட்டோ என்ன! அதே ஆள், பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று வந்து நின்றபோது உட்காரச் சொல்ல ஒரு நாதியில்லை. வாரண்டி இருந்தது. ஆனால் ஆயுத பூஜைக்கு அவன் பெண்சாதி பூங்கொடி பானெட்டைத் திறந்து, பைப்பைப் பிடித்து இன்ஜினெல்லாம் கழுவிச் சந்தனப் பொட்டு வைத்திருந்தாள். நம்மூரில் யார்தான் அப்படிக் கழுவாதவர்கள்? நஞ்சப்பனுக்கு அந்தப் பொட்டு போதுமானதாக இருந்தது.

"தண்ணி பூந்துதான் பிரேக் யூனிட் போச்சு, தப்பு உங்களுது, வாரண்டி செல்லாதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டனுங்க."

"அப்புறம்?"

"சொந்தக் காசுல மாத்த அவனுக்கு வக்கில்லைங்க. வண்டி ஓடினாத்தான் அடுப்பெரியும். மெதுவா ஓட்டிக்கிறேன்னு எடுத்துட்டுப் போனான். திம்பம் மலை இறக்கத்துல..."

நஞ்சப்பன் கையைக் கீழ்நோக்கிச் சரித்துக் காட்டினார்.

"ஆள் போயிட்டானுங்க. அந்தப் புள்ள, என் கையாலயே தண்ணி ஊத்தி எம் புருசனைக் கொன்னுட்டேனேன்னு செவுத்துல முட்டிக்கிறாளாமுங்க. மாமியாக்காரி அவளைப் படியேத்த மாட்டேங்கிறாளாம். கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமில்லைங்க. ராமேசுவரம் போகட்டுங்களா? இல்ல, அன்னதானம் ஏதாவது பண்ணட்டுங்களா?"

குரு எழுந்துபோய் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தார். பக்தர் ஒருவர் மடத்துக்கு வாங்கிக் கொடுத்த வண்டி அது. தேவராசு ஓட்டிய அதே மாடல், வாங்கியதும் நஞ்சப்பனின் ஷோரூமில்தான்.

"வாங்க, மலைக்கு மேல ஒரு பக்தர் வீடு வரைக்கும் போயிட்டு வருவோம். பொழுது சாயறதுக்குள்ள இறங்கிரலாம்."

நஞ்சப்பன் ஓடிப்போய் வாசலை மறித்தார்.

"அந்த வண்டி வேண்டாமுங்க சாமி!"

"ஏனுங்க?"

"வேண்டாமுங்க. பஸ்ஸுல போலாம்."

"இந்த வண்டிக்கு நான் பூஜையே போட்டதில்லைங்களே. பானெட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்லை. என்ன பயம்?"

"ஐயோ, தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைங்க சாமி! அந்த யூனிட்டே கோளாறு. தண்ணியே படாத வண்டியிலயும் போயிருக்குது. கம்பெனிக்காரங்களுக்குத் தெரியும். வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

குரு சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

"எனக்குச் சொல்லிட்டீங்க. அந்தம்மாவுக்கும் போய்ச் சொல்லுங்க."

"வேலை போயிருமுங்க. கேசாகி உள்ள போட்டாலும் போட்டுருவாங்க."

"போடுவாங்க."

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்கிறமுங்க சாமி."

நஞ்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ராமேசுவரம் போனாத் தீராதுங்களா?"

"தாராளமாப் போய் முழுகிட்டு வாங்க. அவ செவுத்துல முட்டறது நிக்குமா?"

நஞ்சப்பன் தரையிலிருந்து எழுந்தார்.

"நேர்ல போய்ச் சொன்னா, அவ என்னை மன்னிப்பாளுங்களா?"

"மாட்டா. ஊரே கூடற மாதிரி உங்க மேல மண்ணை வாரித் தூத்துவா."

"அப்புறம் எதுக்குங்க சாமி நான் போகோணும்?"

"இத்தனை நாளா அந்த மண்ணைத் தன் தலையிலயே அள்ளிப் போட்டுக்கிட்டிருக்கா இல்லைங்களா, அதுக்குத்தான்."