பென்சில் புள்ளி

சங்கிலிமுத்து தன் பேராசிரியர் வேதமாணிக்கத்தைத் தேடிப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கையில் அழைப்பிதழும் ஒரு சீப்பு மலைப்பழமும். வயது நாற்பத்தாறு. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணிதத் துறைத் தலைவர். ஊருக்கெல்லாம் அவர் 'சங்கிலி சார்'. ஆனால் ஆசிரியர் முன்னால் போய் நிற்கப்போகிறவனை 'அவன்' என்று சொல்வதுதான் பொருத்தம். அப்படியே சொல்வோம்.

அவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. கடலை மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டே படித்தவன். பழைய புத்தகக் கடையில் தொண்டை காயப் பேரம் பேசி வாங்கிய புத்தகத்தில் பட்டம் வாங்கியவன். விடுதியில் இடம் இல்லை என்றபோது வார்டனோடு மூன்று நாள் மல்லுக்கட்டி மொட்டைமாடி அறையைப் பிடித்தவன். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். அதைத் தாண்டிப் பார்த்தால், பாடம் நடத்துவதில் அவனைக் குறை சொல்ல ஒருவன் பிறந்து வர வேண்டும். காலை ஏழரைக்கே தனி வகுப்பு. வராத பையனை வீட்டுக்கே போய்ப் போர்வையை உருவி எழுப்பிக் கூட்டி வருவான்.

பத்து வருடமாக அவன் துறையில் நூறு சதவீதத் தேர்ச்சி. அதற்குத்தான் வருகிற சனிக்கிழமை பாராட்டு விழா. தங்க மோதிரம் போடுகிறார்கள். 'அதை வேதமாணிக்கம் சார் கையாலதான் போட்டுக்குவேன்' என்று ஒற்றைக் காலில் நின்று நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்திருந்தான்.

சார் வீடு பூட்டிக் கிடந்தது.

"சார் கல்யாண மண்டபத்துல இருப்பாரு," என்றாள் பக்கத்து வீட்டு அம்மா.

"யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லாத ஞாயித்துக்கிழமைதான் அவரு அங்க இருப்பாரு. போய்ப் பாருங்க."

மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நீள நீளமாக மேஜைகள். இலை கிடக்க வேண்டிய இடத்தில் நோட்டுகள். முப்பது பேர் இருக்கும். எல்லாம் அரியர் வைத்த கூட்டம். வேறு வேறு கல்லூரி, வேறு வேறு வருடம். ஒருவன் கண்டக்டர் உடுப்போடு உட்கார்ந்திருந்தான். ஒருத்தி மடியில் கைக்குழந்தை. சமையல்காரர்கள் பலகார வரிசை எழுதிப்போடும் பலகையில் வேதமாணிக்கம் சார் தொகையிடல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயது. வேட்டியெல்லாம் சாக்பீஸ் தூள்.

"வாய்யா சங்கிலி. பந்தி நடக்குது. இடம் பார்த்து உக்காரு."

கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே திரும்பியவன் அப்படியே நின்றான்.

நாலாவது மேஜையில் ஒரு பெண் எழுந்து கும்பிட்டாள். "வணக்கம் சார்."

காளீஸ்வரி. அவன் வகுப்புப் பெண், மூன்றாம் வருடம். பக்கத்தில் இரண்டு பையன்கள். அவர்களும் அவன் வகுப்புதான். அவர்களும் எழுந்தார்கள்.

"அக்கா, இவருதான் நான் சொன்ன எங்க சார்," என்று கைக்குழந்தைக்காரியிடம் பெருமையாகச் சொன்னாள் காளீஸ்வரி. "இவரு நடத்துனா செவுத்துக்கும் கணக்குப் புரியும்."

"பெறகு உனக்கு ஏண்டி புரியல?"

"எனக்குப் பாதி வகுப்பு பஸ்ஸுலயே போயிருதுல்ல!"

மேஜையே சிரித்தது. இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

அவள் ஊருக்குக் காலையில் ஒரே பஸ். அது கல்லூரி வாசலுக்கு வந்து சேர ஒன்பது நாற்பது ஆகும். முதல் மணி தவறினால் வருகைப்பதிவில் அரை நாள் போச்சு. அப்படிப் போனது போக அவளுக்கு எழுபத்தொரு சதவீதம் நின்றது. பரீட்சை எழுத எழுபத்தைந்து வேண்டும். அதற்கு ஒரு மனு உண்டு. அவள் எழுதிக் கொடுத்த மனுவை, "ஆபீஸ்ல ஒத்துக்கலம்மா, அடுத்த வருஷம் எழுது" என்று திருப்பிக் கொடுத்தவன் சங்கிலிமுத்துதான்.

டீக்கு விட்டார் சார். இருவரும் கை கழுவும் தொட்டிப் பக்கம் ஒதுங்கினார்கள். அவன் அழைப்பிதழை நீட்டினான். சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார்.

"நூறு சதவீதம்."

"ஆமா சார். பத்து வருஷமா."

"உன் பிள்ளைக மூணு பேரு போன வாரத்துலேர்ந்து இங்க வர்றாங்க."

"வருகைப்பதிவு குறைவு சார். பல்கலைக்கழக விதி."

"அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு?"

"எழுபத்தொண்ணு."

"அறுபத்தஞ்சுக்கு மேல இருந்தா துறைத் தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டு எழுத விடலாமே. விதி மாறிருச்சா?"

"மாறல சார்."

"துறைத் தலைவர் யாரு?"

அவன் தொட்டியில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினான். "நான்தான் சார்."

சார் அழைப்பிதழை மடித்தார். "மாதிரித் தேர்வு மார்க்கைப் பார்த்து, தேறாதுன்னு தோணுற பேருக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு புள்ளி வைப்ப. பெறவு அந்தப் பேருக்கு வருகை எவ்வளவுன்னு பார்ப்ப. கொஞ்சம் குறைஞ்சிருந்தாப் போதும், எழுத விடமாட்ட. அப்படித்தானே?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் புள்ளியை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்ல முடியாததை யாராவது கண்டுபிடித்துவிட்டால் அவனுக்கு முதலில் வருவது கோபம்தான். வந்தது.

"என்ன சார் தப்பு? நாயா உழைக்கிறேன் சார்! ஞாயிறு உண்டா, தீபாவளி உண்டா? ஐம்பது பேரைத் தூக்கிக் கரையேத்துறேன். இந்த மூணும் எழுதுனா மூணும் கோட்டை விட்டுரும். பத்து வருஷப் பேரு ஒரே நாள்ல போயிரும். நாளைக்கு எவனாவது வந்து தருவானா அந்தப் பேரை?"

சார் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் அவனுக்குத் தெரிந்த மௌனம். கடலை மண்டியில் விலை படியாத வியாபாரி அப்படித்தான் நிற்பான். அவன் இறங்கி வந்தான்.

"சரி. காளீஸ்வரிக்கு மட்டும் போடுறேன். அது முட்டி மோதித் தேறிரும்."

சார் குழாயைத் திறந்தார்.

"அந்த உயரமான பையனுக்கும் போடுறேன். ரெண்டு."

சார் கையைக் கழுவினார்.

"சரி சார், மூணு பேருக்கும்! நாளை மத்தியானம் வரைக்கும் மனு வாங்குவாங்க. மூணுலயும் போட்டுறேன். நீங்க சனிக்கிழமை மேடைக்கு வரணும். அவ்வளவுதான்."

"யாரு பொருளை யாருகிட்டய்யா விக்கிற?"

சுருக்கென்று தைத்தது. தைத்த வேகத்தில் அவன் வாயை விட்டான்.

"நீங்க மட்டும் என்ன சார்? எங்க செட்டுல எழுதுன இருபத்தெட்டுப் பேரும் பாஸ். பேப்பர்ல படம் போட்டாங்க. பேராசிரியர்னா வேதமாணிக்கம்னு ஊரே சொன்னது அந்த வருஷம்தானே? அதைப் பார்த்துத்தான் நான் வாத்தியாரா ஆனேன்!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். சார் கோபப்படவில்லை. நனைந்த கையை வேட்டியில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கருத்தப்பாண்டின்னு ஒருத்தன் இருந்தான், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். மொட்டைமாடி அறையில என்கூடத்தான் படுத்திருந்தான். நல்ல பையன். கடைசி வருஷம் நின்னுட்டான்."

"அவன் நிக்கலய்யா. நான் நிறுத்துனேன்."

கூடத்திலிருந்து டீ கிளாஸ்களின் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கிண்டல் பண்ணினார்கள்.

"அவங்க அப்பாவுக்கு நெஞ்சுல சளி. ஆஸ்பத்திரியில கெடந்தாரு. இவன் ஒரு மாசம் வரல. மாதிரித் தேர்வுல இருபத்திரண்டு மார்க்கு. நான் புள்ளி வச்சேன். பென்சில்ல வச்சா அழிச்சிரலாம்னு நானும்தான் நினைச்சேன்."

சங்கிலிமுத்து சுவரைப் பார்த்தான்.

"ஏழு வருஷம் கழிச்சு எட்டயபுரம் ரோட்டுல என் ஸ்கூட்டர் பஞ்சர். தள்ளிட்டுப் போய் நிறுத்துன கடை அவன் கடை. என்னையப் பார்த்ததும் டயரை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தான். பக்கத்துக் கடைக்காரங்களையெல்லாம் கூப்பிட்டான். 'எங்க சார்யா. இவரு மாதிரி வாத்தியாரு இந்தச் சீமையில கிடையாது. நான்தான் ஒழுங்காப் போகாமக் கெட்டேன்'னான். கலர் சோடா வாங்கிக் கொடுத்தான். அவன் பிள்ளையைத் தூக்கியாந்து, தலையில கை வைங்க சார்னான்."

"வச்சீங்களா?"

"வச்சேன்."

"அப்பவாச்சும் அவன்கிட்ட..."

"கலரைக் குடிச்சேன். வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்."

சார் அழைப்பிதழை மறுபடியும் பிரித்தார். அதில் அவர் பெயருக்குக் கீழே 'மாணவர்களுக்காகவே தம்மை அர்ப்பணித்தவர்' என்று அச்சாகியிருந்தது. அந்த வரியை எழுதிக் கொடுத்தவன் சங்கிலிமுத்துதான்.

"அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை இந்தக் கூடத்துல வந்து நின்னேன். இன்னும் நிக்கிறேன். ஊர்ல இதுக்கு என்னென்னவோ பேரு வைக்கிறாங்க. நீயும் வச்சிருக்க."

"அவன் இப்ப எங்க சார்?"

"அதே கடைதான். அந்த வழியாப் போனா தூரத்துலயே எந்திரிச்சு நின்னு கும்பிடுறான். இப்பல்லாம் நான் சுத்துப்பாதையில போறேன்."

அப்போது காளீஸ்வரி இரண்டு கிளாஸ் டீயோடு வந்தாள். முதல் கிளாஸை இரண்டு கையாலும் சங்கிலிமுத்துவிடம் நீட்டினாள்.

"சார், விழாவாமே. நோட்டீஸ் பார்த்தேன். நாங்க எல்லாரும் வருவோம் சார்."

"ம்."

"அடுத்த வருஷம் பஸ்ஸை நம்பாம சித்தி வீட்டுல தங்கிருவேன் சார். ஒரு நாள் தவற மாட்டேன். எனக்காக ஆபீஸ்ல போய் நீங்க எவ்வளவு பேசியிருப்பீங்க! என்னால உங்க பேரு கெட விடமாட்டேன் சார்."

அவள் போய்விட்டாள். டீ சூடாக இருந்தது. அவன் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. காதுமடல் இரண்டும் எரிந்தன.  கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சார். மூணு மனுவுலயும் நாளைக்குக் காலையில மொத வேலையா கையெழுத்துப் போட்டுறேன். மேடைக்கு நீங்க வர வேண்டாம். எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

வேதமாணிக்கம் சார் தன் டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைத் தொட்டியில் அலசிக் கவிழ்த்தார். பலகைப் பக்கம் திரும்பி நடந்தவர், இரண்டு எட்டு வைத்து நின்றார்.

"கையெழுத்து நாளைக்குப் போட்டுக்கலாம்யா. நான் கலரைக் குடிச்சிட்டுச் சொல்லாம வந்தேன், நீ புள்ளி வச்சதை இன்னிக்கே சொல்லிட்டுப் போ. அவ நாலாவது மேஜையிலதான் இருக்கா."